விண் ஏன் கூவேல்லை?

ஒழுங்கைப் பட்டக்காரர் (குழு)
சனி

சின்னவன், 5.41: வீடியோ போட்டிருக்கிறன், பாருங்கோ. எட்டுமூலைப் பட்டம், 3 அடி. ஏறுது, ஆனா இடப்பக்கம் சரிஞ்சு சரிஞ்சு வட்டமடிக்குது. தலையில கட்டின விண்ணில, அந்தக் கூவுற நார் வில்லில, ஒரு சத்தமும் இல்லை. பொங்கலுக்கு இன்னும் 5 நாள்தான் கிடக்கு.

பெரியப்பா, 5.48: பாத்தன். அது ரெண்டும் வேற வேற வருத்தம், ஒண்டாக் குழப்பாதை. முதல்ல சரிவைப் பாப்பம். வாலைக் கழட்டு. நடுச்சந்தியில ஒரு நூலைக் கட்டித் தூக்கிப் பிடி. எந்தப் பக்கம் பதியுது?

சின்னவன், 5.55: இடப்பக்கம். ஒரு விரலளவு.

குஞ்சியப்பா, 5.56: அப்ப முச்சையில, நூல் பூட்டுற கால்களில, பிழை இல்லை, மூங்கில் சிலாகையில. குறுக்குச் சிலாகையில கணு எங்க நிக்குது?

சின்னவன், 5.57: இடப்பக்கம் ஒண்டு. வலப்பக்கம் இல்லை.

குஞ்சியப்பா, 5.59: பிறகென்ன. கணு நிக்கிற பக்கம் பாரம், வளையாது. மற்றப் பக்கம் மெலிசு, காத்துக்கு வளைஞ்சு குடுக்கும். மெல்லிய காத்தில பாரமான பக்கம் சரியும். காத்து கூடினால் மாறி, மெலிசான பக்கம் பின்னால மடங்கி அந்தப் பக்கம் விழும். அதால வலப்பக்கம் கொஞ்சம் கடதாசி ஒட்டிப் பாரத்தைச் சமன் செய்தால் சரி எண்டு நினைச்சிடாதை. நிலத்தில நேரா நிக்கும், மேல போய்ப் புரளும்.

சின்னவன், 6.00: அப்ப என்ன செய்யிறது?

குஞ்சியப்பா, 6.04: அந்தச் சிலாகையை மாத்து. 36 அங்குலத்தில கணு ஒண்டெண்டால் சரி நடுவில வரவேணும், ரெண்டெண்டால் ரெண்டு பக்கமும் ஒரே தூரத்தில. நடுவில 6 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு, நுனிக்குப் போகப் போக 2 ஆகக் குறையட்டும். உள்பக்கத்தைத்தான் சுரண்டவேணும், தோல் பக்கம் கத்தி படக்கூடாது. மூங்கிலின்ர பலமெல்லாம் அந்தத் தோலிலதான். கடைசிச் சுரண்டலுக்குப் போத்தல் ஓடு நல்லம், கத்தி எண்டால் நாரைப் பிச்செடுத்திடும்.

குஞ்சியப்பா, 6.05: சுரண்டி முடிஞ்சு ரெண்டு நுனியிலயும் நூலைக் கட்டி வில்லு மாதிரி வளைச்சுப் பார். வளைவின்ர உச்சி சரி நடுவில வந்தால்தான் அது குறுக்குச் சிலாகை. கத்தி முதுகில வைச்சுப் பாரம் பாக்கிறது ரெண்டாவது வேலை.

மூத்தவன், 6.10: நாலு சிலாகையும் நடுவில ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி 12 மில்லிமீற்றர் திரணை நிக்குது. அதுக்கு வெட்டு வைக்கலாமோ?

குஞ்சியப்பா, 6.12: வெட்டு வைச்சால் அந்த இடத்திலதான் முறியும். ரெண்டு ரெண்டாக் கட்டிப் பிறகு சேர்த்துக் கட்டு. நிமிந்து நிக்கிற சிலாகையும் குறுக்குச் சிலாகையும் கடதாசிப் பக்கம் இருக்கட்டும். வெளிச்சுத்து நூல் கட்டேக்க மூலைக்கு மூலை 13¾ அங்குலம் வரவேணும். எட்டும் ஒரே அளவா எண்டு நூலால அளந்து பார், கண்ணை நம்பாதை.

ரொறன்ரோ அக்கா, 6.20: என்ன கலரில ஒட்டியிருக்கிறியள்? வீடியோவில எல்லாம் கறுப்பாத் தெரியுது.

சின்னவன், 6.21: நீலமும் ஊதாவும் அக்கா. கையில வடிவா இருந்தது.

பெரியப்பா, 6.27: கையில வடிவாத்தான் இருக்கும். மேல போனால் வெளிச்சம் பின்னாலயிருந்து வரும், நீலமும் ஊதாவும் செத்துப்போகும். மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை, இளம்பச்சை, இதுகள்தான் வெளிச்சத்தை விடும். கடுங்கலர் வேணுமெண்டால் கரைக்கு மட்டும் ஒரு அங்குலப் பட்டி. உருவம் கீறுறதெண்டால் பெயின்ற் பூசாதை, ரிசுத்தாள் ஈரம் குடிச்சுச் சுருங்கும். வெட்டி ஒட்டு.

பெரியப்பா, 6.29: இன்னொண்டு. தாள் மேல தாள் ஏறுற இடம் வெளிச்சத்தில கறுத்த கோடாத் தெரியும். அதால பொருத்து எல்லாம் சிலாகைக்கு மேல வரவேணும். எட்டு முக்கோணமா வெட்டினால் அது தானா வரும். அடி 15, உயரம் 18 அங்குலத்தில வெட்டு, சுத்திவர மடிக்க இடம் காணும்.

மூத்தவன், 6.31: 20க்கு 30 தாளில அப்பிடி மூண்டுதான் வரும். ஒண்டை நேரா, ஒண்டைத் தலைகீழா, பிறகு நேரா வைக்கவேணும். ரெண்டு கலரெண்டால் கலருக்கு 2 தாள், மொத்தம் 4. கடைக்குப் போறவை பாத்து வாங்குங்கோ, போனமுறை மாதிரி 3 வாங்கிக்கொண்டு வராமல்.

மாமி, 6.40: பசைக்கு மா ஆர் எடுத்தது? என்ர அலுமினியச் சட்டியைக் காணேல்லை.

சின்னவன், 6.41: மாமி, பசை காய்ச்சத்தான். துருசும், மயில்துத்தம்தான், போட்டனாங்கள், பூச்சி அரிக்காமல் இருக்க.

மாமி, 6.42: துருசை அலுமினியத்தில போட்டனியோ! சட்டி அரிச்சு ஓட்டை விழும். இனி அதில கறி வைக்கவும் ஏலாது. பசையை முதல்ல வெறுமனே காய்ச்சி, ஆறினாப் பிறகு சிரட்டையில ஊத்தித் துருசு ஒரு சிட்டிகை கலக்கிறது. ரெண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவுக்கு ஒரு கோப்பைத் தண்ணி. பச்சைத் தண்ணியில கட்டியில்லாமல் கரைச்சுப்போட்டுத்தான் அடுப்பில வைக்கவேணும். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரேக்க இறக்கு. கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ.

சின்னவன், 6.43: சரி மாமி. புதுச்சட்டி வாங்கித் தாறன்.

மாமி, 6.43: பாப்பம்.

மூத்தவன், 6.50: பெரியப்பா, இப்ப விண்.

பெரியப்பா, 7.05: சொல்லுறன், பொறுமையா வாசியுங்கோ. நார் என்னத்தில எடுத்தது?

சின்னவன், 7.06: பெட்டி கட்டி வந்த பிளாஸ்ரிக் பட்டி.

பெரியப்பா, 7.15: அது பாரம். காத்து நல்லா அடிச்சால் கத்தும், மெல்லிய காத்துக்கு அசையாது. 3 அடிப் பட்டத்துக்கு மட்டை நார்தான். வடலியில, இளம் பனையில, பச்சை மட்டை ஒண்டு வெட்டு, மட்டைக் கரையில இருக்கிற கருக்குக் கவனம். மட்டையின்ர தோலை ஒரு அங்குல அகலத்தில நீட்டுக்கு உரி. ஒரு ராத்திரி தண்ணியில போடு. பேந்து பலகையில வைச்சுக் கத்தி முதுகால சுரண்டு. வெளிச்சத்துக்குப் பிடிச்சால் விரல் நிழல் தெரியுமட்டும் சுரண்டவேணும். அகலத்தை 10 மில்லிமீற்றராக்கு. ஒரு பக்கம் 10, மற்றப் பக்கம் 8 எண்டு இருந்தால் கூவாது, கரகரக்கும்.

பெரியப்பா, 7.17: ஈரமா இருக்கேக்கயே ஒரு நுனியில சின்னக் கல்லுக் கட்டி நிழலில தொங்கவிடு. வெயிலில காயவிட்டால் வாய்க்கால் மாதிரிக் குழிஞ்சு சுருளும். குழிஞ்ச நார் காத்துக்கு விறைச்சு நிக்கும், அதிராது.

மூத்தவன், 7.18: வில்லுக்கு மூங்கில் காணுமோ?

பெரியப்பா, 7.22: காணும். கமுகஞ்சிலாகை எண்டால் இன்னும் நல்லம், வளைச்சது வளைச்சபடி நிண்டு இழுத்துப் பிடிச்சிருக்கும். நாருக்கு 24 அங்குல நீளம், வில்லின்ர வளைவு நடுவில 3 அங்குலம். இனித்தான் எல்லாரும் பிழை விடுற இடம். வில்லின்ர ரெண்டு நுனியிலயும் நார் பூட்ட வாய் வெட்டுறம் எல்லோ. அந்த ரெண்டு வாயும் ஒரே தளத்தில இருக்கவேணும். ஒண்டு கொஞ்சம் திரும்பினாலும் நார் முறுகும். முறுகின நாரில ஒரு பாதி காத்துக்கு ஒரு மாதிரி, மற்றப் பாதி வேற மாதிரி, ஒண்டை ஒண்டு அடக்கிப்போடும்.

பெரியப்பா, 7.24: நாரின்ர தட்டைப் பக்கம் வில்லின்ர வயித்தைப் பாக்கவேணும். விளிம்பு காத்தைப் பாக்கவேணும். ரெண்டு பெருவிரலுக்கு நடுவில புல்லு வைச்சு ஊதிறம் எல்லோ, அதே கணக்கு. தட்டைப் பக்கம் காத்துக்கு நேரா நிண்டால் நார் பின்னால வயிறு தள்ளி நிக்கும், அவ்வளவுதான்.

சின்னவன், 7.26: நான் தட்டைப் பக்கம்தான் காத்துக்கு வைச்சனான். காத்து நல்லாப் படும் எண்டு.

குஞ்சியப்பா, 7.26: அதுதான் வாயைத் திறக்கேல்லை.

பெரியப்பா, 7.33: சுருதி இழுவையில. நாரை 4 மடங்கு இறுக்கினால்தான் சத்தம் ஒரு ஸ்தாயி ஏறும். அதால கொஞ்சம் இறுக்கிப்போட்டு மாறேல்லை எண்டு சலிக்காதை. ரெட்டை விண் போடுறதெண்டால் ரெண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டு வராதை. மயிரிழை வித்தியாசம் விடு. அப்பதான் சத்தம் அலையலையா எழும்பி அடங்கும். ஒரே சுருதி எண்டால் வெறும் இரைச்சல்.

மூத்தவன், 7.35: ராத்திரி கூவுறது விடியத் தணிஞ்சிடுது, ஏன்?

பெரியப்பா, 7.37: பனி. மட்டை நார் ஈரம் குடிச்சால் தளரும், சுருதி இறங்கும். வெயில் ஏறக் காஞ்சு திரும்ப இறுகும். ராத்திரிக்கு விடுறதெண்டால் பின்னேரம் ஒரு பங்கு கூட இறுக்கி ஏத்து.

ரொறன்ரோ அக்கா, 7.45: கொக்குப் பட்டம் ஒருத்தரும் செய்யேல்லையோ? பிராந்து?

குஞ்சியப்பா, 7.49: கொக்குக்குச் செட்டை நுனி மெலிசாச் சீவவேணும், காத்து அடிக்கப் பின்னால வளைஞ்சு வழிவிட. ரெண்டு செட்டையும் ஒரே மாதிரி வளைய வைக்க ரெண்டு நாள் வேணும். இந்தமுறை நேரம் இல்லை பிள்ளை.

சின்னவன், 7.52: வல்வெட்டித்துறைப் போட்டிக்குக் கொண்டு போறதெண்டால் எட்டுமூலை காணாது. அங்க உருவப் பட்டம் எல்லோ. ஒரு மாட்டுவண்டில் செய்வமோ?

குஞ்சியப்பா, 7.58: அங்க உதயசூரியன் கடற்கரையில பறக்கிற உருவங்களை வடிவாப் பார். பறக்கிறது வண்டிலும் இல்லை, யானையும் இல்லை. உள்ளுக்க ஒரு பெட்டிப் பட்டமோ தட்டைப் பட்டமோ நிக்கும். உருவம் அதுக்கு மேல உடுப்பு. முதல்ல உடுப்பில்லாமல் ஏத்திப் பார், நேரா நிண்டால் பிறகு உடுத்து. சில்லுச் சுத்தவேணும், மாடு தலையாட்டவேணும் எண்டு தொடங்கினால் ஒவ்வொண்டும் பாரம். 5 நாளில வேண்டாம்.

மூத்தவன், 8.03: அங்க இன்னொரு வசதி, வாடைக் காத்து கடலிலயிருந்து நேரா வருது. குறுக்க ஒண்டும் இல்லை. இஞ்ச பனைக்குப் பின்னால நிண்டு ஏத்தினால் பனை உயரத்தின்ர பத்து மடங்கு தூரத்துக்குக் காத்து குழம்பித்தான் கிடக்கும். தரவை வெளிக்குப் போவம். வயல் வேண்டாம், நெல்லு நிக்குது.

சின்னவன், 8.05: மூலைக்கு ஒரு லைட் பூட்டுறன் அப்ப. ராத்திரிக்கு.

மூத்தவன், 8.09: பட்டம் சிலாகை, தாள் எல்லாம் சேர்த்து 65 கிராம் வரும். காசு மாதிரித் தட்டையா வாற 3 வோல்ற் பற்றரி ஒண்டு 3 கிராம். எட்டு எண்டால் 24. மூண்டில ஒரு பங்கு பாரம் கூடுது. நாலு பூட்டு, ஒண்டுக்கு ஒண்டு எதிர் மூலையில. மூண்டு பூட்டினியோ, திரும்பச் சரியும்.

பெரியப்பா, 8.15: முச்சை சொல்ல மறந்திட்டன். மேல் ரெண்டு மூலையில ரெண்டு கால், நடுச்சந்தியில ஒரு கால். மூண்டும் 18 அங்குலத்தில தொடங்கு. பிறகு நடுக்காலை மட்டும் அரை அங்குலம் அரை அங்குலமா மாத்து. நடுக்கால் நீண்டால் தலை உன்னைப் பாத்துக் குனியும், பட்டம் உயரப் போகும். அளவுக்கு மிஞ்சினால் படபடத்துக் கீழ வரும். குறைஞ்சால் நெஞ்சை நிமித்திக்கொண்டு இழுக்கும், உயராது, வட்டமடிக்கும். தலையில விண் பாரம் ஏறுறதால வால் 20 அடி வை. பழைய நூல் சேலை, ஒண்டரை அங்குலக் கிழி.

மாமி, 8.16: என்ர அலுமாரியில கை வைக்காதேங்கோ.

குஞ்சியப்பா, 8.24: நூல். 3 அடிக்குக் காத்து மணிக்கு 30 கிலோமீற்றரில இழுவை ரெண்டரைக் கிலோ வரும். 45 எண்டால் ஐஞ்சரைக்கு மேல. காத்து ஒண்டரை மடங்கு கூட இழுவை ரெண்டேகால் மடங்கு ஏறும். முடிச்சு விழுற இடத்தில நூலின்ர பலம் பாதி போயிடும். அதால 15 கிலோ தாங்கிற நூல். தங்கூசி, அந்த நைலோன் நூல், வேண்டாம், இழுபடும், ரோட்டுக்குக் குறுக்க விழுந்தால் சைக்கிளில வாறவனுக்குக் கண்ணில தெரியாது, கழுத்தை அறுக்கும்.

மூத்தவன், 8.26: 6 அடிக்கு?

குஞ்சியப்பா, 8.28: பரப்பு நாலு மடங்கு, இழுவையும் நாலு மடங்கு. 10 கிலோவில தொடங்கி 22க்கு மேல போகும். இன்னும் பெரிசெண்டால் கையில பிடிக்கிற கதையே இல்லை, கயித்தை முதல்ல மரத்தில கட்டிப்போட்டுத்தான் ஏத்தவேணும். 2021 மார்கழியில பருத்தித்துறைப் பக்கம் ஆளைத் தூக்கின பட்டத்தை எல்லாரும் பாத்தனியள்தானே. மற்றவங்கள் கயித்தை விட்டிட்டாங்கள், ஒருத்தன் மட்டும் விடேல்லை.

ஞாயிறு

சின்னவன், 4.50: சிலாகை மாத்தியாச்சு. தூக்கிப் பிடிச்சால் நேரா நிக்குது. நார் நேற்று ராத்திரி ஊறப்போட்டு, விடியச் சுரண்டித் தொங்கவிட்டு இப்ப பூட்டினது. வாய் ரெண்டும் ஒரே தளம், விளிம்பு காத்துக்கு. தரவையில நிக்கிறம்.

சின்னவன், 5.12: (வீடியோ 0.21)

ரொறன்ரோ அக்கா, 5.13: ஐயோ கூவுது! இன்னொருக்காப் போடு.

பெரியப்பா, 5.16: அது கீச்சிடுது, கூவேல்லை. நார் இறுக்கம் கூடிப்போச்சு. இறக்கி வில்லை அரை அங்குலம் தளர்த்திக் கட்டு. பேந்து நடுக்காலையும் ஒருக்கா அளந்து பார், வால் வலப்பக்கம் இழுக்கிற மாதிரிக் கிடக்கு.