ஷபாலுக்கு ஒண்டும் ஞாபகமில்லையாம். உங்களுக்கு எது ஞாபகம்?

முகுந்தன்93

2025 ஏப்ரலில ஒரு யூடியூப் நேர்காணலில பிரான்ஸின்ர முன்னாள் றக்பி ஆட்டக்காரர் செபஸ்தியான் ஷபால் சொன்னதைக் கேட்டிருப்பியள். தான் விளையாடின எந்த ஆட்டத்திலயும் ஒரு செக்கன்கூட ஞாபகத்தில இல்லையாம். பிரான்ஸ் சட்டையோட 62 தரம் தேசிய கீதத்துக்கு நிண்ட மனுசன், அதில ஒண்டுகூட நினைவில்லை எண்டு சொல்லுறார். அதைக் கேட்டதில இருந்து ஒரு இரவு என்ர மண்டைக்குள்ள சுத்திக்கொண்டே நிக்குது.

2007 உலகக்கிண்ண அரையிறுதி, ஒக்டோபர் 13, இங்கிலாந்தோட. நான் அப்ப ஆட்டம் நடந்த ஸ்தாத் து பிரான்ஸ் மைதானத்துக்குள்ள சாண்ட்விச், கோலா விக்கிற கவுண்டரில வேலை. உள்ள நிண்டா மைதானம் தெரியாது, கொங்கிறீட் சுவரும் ரியூப் லைற்றும்தான். முதல் பாதியில பிரான்ஸின்ர பெலூஸ் காயப்பட்டு வெளிய போக, ஷபால் உள்ள வந்தார். அது எனக்குத் தெரியாது. வரிசையில நிண்ட சனம் எல்லாம் ஒரே நேரத்தில திரும்பினதுதான் தெரியும். "ஷபாஆஆஆல்" எண்டு மேல இருந்து ஒரு சத்தம் வந்து கவுண்டர் தகரம் அதிர்ந்தது. முன்னுக்கு நிண்ட ஒருத்தர் 20 யூரோ தாளை வைச்சார், மிச்சமும் எடுக்கேல்லை, சாண்ட்விச்சும் எடுக்கேல்லை, படியில பாய்ஞ்சு ஏறிப் போட்டார்.

அதுக்குப் பிறகு அவர் பந்தைத் தொட்ட ஒவ்வொரு தரமும் அதே சத்தம்தான். ஆட்டம் எங்க நடக்குது எண்டு நான் காதாலதான் பாத்தனான். கடைசியில இங்கிலாந்தின்ர வில்கின்சன் ட்றொப் கோல் (பந்தை நிலத்தில விழுத்தி, எழும்பேக்க கம்பத்துக்குள்ளால உதைக்கிறது) அடிக்க அந்தச் சத்தமும் நிண்டு போச்சு. 14–9, இங்கிலாந்து வெண்டது. அந்த மனுசன் திரும்பி வரவேயில்லை, 20 யூரோவை மேலாளர் வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டார்.

உங்கட கதையளைப் போடுங்கோ.

ஸ்டொக்போர்ட்_ராஜன்

நீங்கள் காதால கேட்டியள், நான் கிட்ட நிண்டு பாத்தனான். 2004இல இருந்து 2009 மட்டும் ஆள் இங்கிலாந்தில எங்கட சேல் ஷார்க்ஸ் கழகத்தில. அப்ப அவங்களுக்கு எட்ஜ்லி பார்க்தான் வீடு, ஸ்டொக்போர்ட் கவுண்டி கால்பந்துக்காரரோட பங்கு போட்ட சின்ன மைதானம். வெள்ளிக்கிழமை இரவு, குளிர், வேலியில சாஞ்சு நிண்டா ஆட்டக்காரரின்ர மூச்சு புகையா வாறது தெரியும்.

ரீவியில அந்தத் தலைமயிரும் தாடியும்தான் பெரிசாத் தெரியும். கிட்ட நிண்டா தெரியிறது வேற. ஒருக்கா எனக்கு முன்னால, கோட்டில இருந்து நாலு அடி உள்ள, பந்தோட வந்து ஒருத்தனை மோதினார். ஈரச் சாக்கு மூட்டையை லொறியில இருந்து நிலத்தில போட்ட சத்தம். மோதுப்பட்டவன் எழும்பேல்லை. ஷபால் எழும்பி மயிரை விலத்திக்கொண்டு ஓடினார், நாங்கள் கை தட்டினம். அவன்ர தலைக்கு என்ன நடந்தது எண்டுதான் எல்லாரும் பாத்தம். மோதினவனுக்கும் ஒரு தலை இருக்கெண்டு அந்த வேலியில நிண்ட ஒருத்தரும் யோசிக்கேல்லை.

2006 மே 27 ட்விக்கனமில லெஸ்டரை 45–20 எண்டு அடிச்சு சேல் இங்கிலாந்துக் கழகங்களின்ர கிண்ணம் எடுத்தது. அந்த அணியில இவரும். அதுவும் அவருக்கு நினைவில்லை எண்டதை இஞ்ச ஒரு கிழவரிட்டச் சொன்னன், ஆள் கோவிச்சுப்போட்டார், நான் பொய் சொல்லுறனாம். இங்கிலாந்தின்ர ஸ்டீவ் தொம்சனும் 2003இல உலகக்கிண்ணம் வென்றது தனக்கு நினைவில்லை எண்டு 2020 டிசம்பரிலயே வெளிய சொன்னவர். அப்பவும் நம்பாதவை இருந்தவை.

லியோன்வாசி

நம்ம ஊர் பாண்டிச்சேரி, இப்ப லியோன். மன்னிக்கணும், இங்க எல்லாரும் சத்தத்தைப் பத்தியே பேசுறீங்க, ஆட்டத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல.

2007 ஜூன்ல பிரான்ஸ் அணி நியூசிலாந்து போனாங்களே, உள்ளூர் சாம்பியன்ஷிப் முடியாததால பாதி அணியோட போனாங்க. ஷபால் மோதி நியூசிலாந்தோட அலி வில்லியம்ஸ் தாடை உடைஞ்சது, மசோவை முட்டித் தள்ளினதுன்னு எல்லாரும் சொல்ற காட்சி அங்கதான். ஸ்கோர் என்ன? 42–11, 61–10. ரெண்டும் தோல்வி. அதை யாராவது சொல்றாங்களா?

உலகக்கிண்ணத்துல நமீபியாவை 87–10ன்னு துவைச்சாங்க, ஷபால் ரெண்டு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்துல வெக்கறது) வெச்சார். எதிரணியில ஒருத்தருக்கு சிவப்பு அட்டை, அப்புறம் 14 பேர்தான். கார்டிஃப் காலிறுதியில நியூசிலாந்தை 20–18ன்னு ஜெயிச்சது யாரால? துசுட்வார் 38 டேக்கிள் (பந்தோட வர்றவனைப் பிடிச்சு விழ வெக்கறது) போட்டார். முப்பத்தெட்டு! ட்ராய் குடுத்த பந்தோட மிஷலாக் கிழிச்சுகிட்டுப் போய்க் குடுக்க, ஜோசியோன் ட்ரை. ஷபால் பெஞ்ச்ல இருந்து வந்தவர். ஆனா மறுநாள் எல்லார் வாயிலயும் ஆட்டத்துக்கு முன்னாடி நியூசிலாந்துக்காரங்க ஆடற ஹாக்கா நடனத்துக்கு எதிர்ல ஷபால் முறைச்சு நின்ன மூஞ்சிதான்.

சரி, என் கதை. 2012ல லியோன் அணிக்கு வந்தார், ரெண்டாம் டிவிஷன், வயசு முப்பத்தஞ்சு நெருங்குது. வெனிஸ்யு மைதானத்துக்குப் பையனைக் கூட்டிட்டுப் போனேன். "இவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இல்ல தெரியுமா"ன்னு வழி முழுக்க அவனுக்கு வகுப்பு. இவர் கோட்டுக்குப் பக்கத்துல வார்ம்-அப் பண்ண எழுந்தார். எதிரணி சட்டை போட்ட ஒரு குடும்பம், தாத்தா உட்பட, எழுந்து நின்னு "ஷபாஆல்" போட்டுது. என் பையனும். நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன்.

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிக்கும். பதினாறு வயசுலதான் போவலோன்ங்கற சின்ன ஊர்ல ரக்பி தொட்டார், தொழிற்சாலையில மில்லிங் மெஷின்ல நின்னவர். நானும் அதே மெஷின்லதான் நிக்கிறேன்.

கண்டிப்_பெடியன்

லியோன் அண்ணை ஸ்கோரோட வாறார். மசோவை முட்டின அந்த வீடியோவை நாங்கள் கண்டியில நெற் கபேயில காசு குடுத்துத் திரும்பத் திரும்பப் பாத்தனாங்கள். ஸ்கோர் என்னெண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. பள்ளிக்கூடங்கள் மோதுற பிராட்பி கேடயம் பாத்து வளந்த பெடியளுக்கு மோதல்தான் றகர் (றக்பி).

என்ர பள்ளிக்கூடத்தில தலையில அடிபட்டு விழுந்தா முகத்தில தண்ணி அடிச்சு, "எத்தினை விரல்?" எண்டு கேட்டு, சரியாச் சொன்னாத் திரும்ப உள்ள விடுவினம். நான் "ரெண்டு" எண்டு சொல்லி உள்ள போனனான். மிச்ச ஆட்டம் எப்பிடி முடிஞ்சதெண்டு அடுத்த நாள் கூட்டாளி சொல்லித்தான் தெரியும். ஷபால் சொன்னதைக் கேக்க அந்த ரெண்டு விரல்தான் கண்ணுக்கு முன்னால வந்தது.

சுகந்தி_பொபினி

கண்டித் தம்பி, நீங்கள் சிரிச்சுக்கொண்டு சொல்லுறியள், எனக்கு வயித்தைக் கலக்குது. என்ர மகன் இஞ்ச சின்னப் பிள்ளையளின்ர றக்பிப் பள்ளியில. போன மாரியில இன்னொரு பிள்ளையோட தலை முட்டி விழுந்து எழும்பினான். காரில வரேக்க "அம்மா, நாங்கள் வெண்டனாங்களோ?" எண்டு கேட்டான். ஓம் எண்டன். ரெண்டு சிக்னல் தாண்டித் திரும்பவும் அதே கேள்வி. வீட்டு வாசலில திரும்பவும். அந்தக் குரல் ஒரு மாதிரியும் மாறேல்லை, முதல் தரம் கேக்கிற மாதிரியே கேட்டான்.

ஒருத்தரும் கேக்கேல்லைத்தான், எண்டாலும் பிள்ளை வைச்சிருக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன். மயங்கி விழுந்தாத்தான் மூளை அதிர்ச்சி எண்டு நினைக்காதேங்கோ, முக்கால்வாசிப் பேர் மயங்கிறதில்லை. கேட்டதையே கேக்கிறது, வெளிச்சம் கூசுறது, நடை தள்ளாடுறது, காரணமில்லாமல் எரிச்சல் படுறது, இதுகளில ஒண்டு இருந்தாலே அண்டைக்கு ஆட்டம் முடிஞ்சுது. பிள்ளை "நான் ஓகே" எண்டுதான் சொல்லும், அதை நம்பக்கூடாது. சத்தி எடுத்தாலோ, தலையிடி கூடிக்கொண்டு போனாலோ, எழுப்ப எழும்பாட்டிலோ, உடன 15க்கு (பிரான்ஸின்ர அவசர வைத்திய எண்) அடியுங்கோ. முதல் ஒண்டு ரெண்டு நாள் போன், கேம் எல்லாத்தையும் குறைச்சு ஆறவிடுங்கோ. பிறகு வைத்தியர் சொன்னாப் பிறகுதான் படிப்படியா ஓட்டம், பயிற்சி, கடைசியாத்தான் மோதல். ஆறுறதுக்கு முன்னம் ரெண்டாவது அடி விழுறதுதான் பயங்கரம்.

இஞ்ச அமெச்சூர் ஆட்டத்தில இப்ப நடுவரிட்ட நீல அட்டை இருக்கு, சந்தேகம் வந்தாலே ஆளை வெளிய எடுக்கலாம். 2018இல இளம் ஆட்டக்காரர் செத்த பிறகு இடுப்புக்கு மேல பிடிக்கக்கூடாது, ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தனை அமுக்கக்கூடாது எண்டும் கொண்டு வந்தவை. ஷபாலின்ர காலத்தில இதெல்லாம் எங்க? பெரிய ஆட்டங்களிலயே மைதானக் கரையில வைச்சுத் தலையைச் சோதிக்கிற முறை 2012இலதான் பரீட்சிக்கத் தொடங்கினது. அவர் பிரான்ஸுக்கு விளையாடி முடிச்சாப் பிறகு.

முகுந்தன்93

சுகந்தி அக்கா, தேவையான விசயம், நன்றி. இப்ப மகன் எப்பிடி?

லியோன் அண்ணை, துசுட்வார் 38 டேக்கிள், ஆர் இல்லையெண்டது? ஆனா துசுட்வாருக்காக ஒருத்தரும் 20 யூரோவை விட்டிட்டு ஓடேல்லை. ஷபால் பந்தோட நிண்டா அடுத்து என்ன நடக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அதுக்குத்தான் சனம் காசு குடுத்தது.

லியோன்வாசி

அதைத்தான் நானும் சொல்றேன். சனம் என்ன கேட்டுச்சு? மோதச் சொல்லிச்சு. மோதினார். மகள் பிறந்ததுகூட ஞாபகம் இல்லைன்னு அதே பேட்டியில சொல்றார், கேட்டீங்களா? டாக்டர்கிட்டயும் போகலையாம், போயும் அது திரும்பி வரப்போறதில்லைங்கறார். நான் மட்டும் உக்காந்திருந்தேன்னு சொன்னேனே, அதுக்கு நான் வருத்தப்படல.

ஸ்டொக்போர்ட்_ராஜன்

உக்காந்திருந்ததுக்கு மெடல் தரச் சொல்லுறியளோ? டிக்கெட் எடுத்துத்தானே போனியள். அந்தக் காசிலயும் ஒரு பங்கு அந்த மோதலுக்குத்தான்.

அதோட, கார்டிஃப் கதையில ஒண்டை மெல்ல விழுங்கிப் போட்டியள். ஜோசியோன்ர ட்ரைக்கு முதல் ட்ராய் மிஷலாக்குக்குக் குடுத்த பாஸ் முன்னுக்குப் போனது, றக்பியில அது பிழை, நடுவர் வெய்ன் பார்ன்ஸ் பாக்கேல்லை. என்னோட வேலை செய்யிற நியூசிலாந்துக்காரன் இண்டைக்கும் சாப்பாட்டு நேரத்தில அதைத்தான் கதைக்கிறான்.

சுகந்தி_பொபினி

முகுந்தன், மகன் நல்லா இருக்கிறான். வைத்தியர் விட்ட பிறகு திரும்பப் போறான், நான்தான் கோட்டுக்கு வெளிய நிண்டு கத்துறன். பயிற்சியாளருக்கு என்னைக் கண்டாப் பிடிக்காது.

ராஜன் அண்ணை, பாஸ் கதைக்கு வேற திரி தொடங்குங்கோ. இதில ஆக்கள் இன்னும் எழுத இருக்கினம்.