எக்ஸ்ரே லேசர்: கோஹெரன்ஸ் நேரத்தை எப்படி அளக்கிறார்கள்?

செம்பனைப் பிள்ளை
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறேன், படிவம் 6. லேசர் பாய்ண்டர் முனையில் தலைமுடி ஒன்றை ஒட்டி, இருட்டில் சுவரில் அடித்துப் பார்த்தேன். அழகாக வரிவரியாய் விழுந்தது! ஆனால் எக்ஸ்ரே லேசர் துடிப்பு சில பத்து ஃபெம்டோ நொடிதானாம் (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு). அவ்வளவு வேகமான டிடெக்டரே இல்லையே, அப்புறம் அதன் கோஹெரன்ஸ் நேரத்தை, அதாவது அலைகள் ஒழுங்கு மாறாமல் ஒத்துப்போகும் நேரத்தை, எப்படி அளக்கிறார்கள்?

ஈப்போ டியூஷன் வாத்தியார்
நல்ல கேள்வி தங்கச்சி. வேகமான டிடெக்டர் வேண்டாம், சாதாரண சிசிடி கேமரா போதும். நேரத்தைத் தூரமாக மாற்றிவிடுகிறார்கள். ஒளி 1 ஃபெம்டோ நொடியில் 0.3 மைக்ரோமீட்டர் போகும். துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொஞ்சம் நீளமான பாதையில் விட்டு, மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்தால் உன் சுவரில் வந்த மாதிரியே வரிகள் வரும். தாமதத்தைக் கூட்டக் கூட்ட வரிகள் மங்கும். எவ்வளவு தாமதத்தில் மங்குகிறது என்பதுதான் கோஹெரன்ஸ் நேரம்.

பிரிப்பதுதான் கஷ்டம். நம் லேப்பில் இருக்கும் பாதி பூசிய கண்ணாடி இங்கே உதவாது, கண்ணாடி எக்ஸ்ரேயை விழுங்கிவிடும். அதனால் ஒளியை ஊடுருவ விடாமல் தெறிக்கவைக்கும் ஆடியின் (மிரர்) விளிம்பால் கற்றையையே பாதியாக வெட்டி, மிகச் சாய்வாகப் பட்டுத் தெறிக்கவிடுகிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள ஃப்ளாஷ் என்ற எக்ஸ்ரே லேசரில் 23.9 நானோமீட்டர் அலைநீளத்தில் இப்படி அளந்து 2008இல் வெளியிட்டார்கள்: 6 ஃபெம்டோ நொடி. தூரமாகப் பார்த்தால் 1.8 மைக்ரோமீட்டர், சுமார் 75 அலைகள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வரிகளின் தெளிவு ஒரே சீராகக் குறையவில்லை, ஏற்ற இறக்கத்தோடு குறைந்தது.

செம்பனைப் பிள்ளை
நன்றி சார்! ஏன் ஏறி இறங்குகிறது?

ஈப்போ டியூஷன் வாத்தியார்
அந்த ஒளி எலக்ட்ரான் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து, அதாவது ஒழுங்கற்ற ஏற்ற இறக்கத்திலிருந்து, பிறக்கிறது. அதனால் ஒரு துடிப்புக்குள்ளேயே பல முனைப்புகள் (கூர்மையான ஒளி உச்சங்கள்) இருக்கும். தைப்பூசத்தில் ஒவ்வொரு உறுமிக் குழுவும் தனித்தாளம் அடிப்பது போல, ஒவ்வொரு முனைப்பும் தன்னளவில் ஒழுங்கு, பக்கத்தோடு ஒத்துப்போகாது. தாமதம் கூடி ஒரு முனைப்பு இன்னொன்றின்மேல் விழும்போது வரி கொஞ்சம் திரும்பத் தெரியலாம்.

லேசர் ஆய்வு மாணவர்
சார் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: துடிப்புக்குத் துடிப்பு முனைப்புகள் மாறும், அதனால் ஒரே துடிப்பின் படத்தை வைத்து முடிவுக்கு வராதே. பல துடிப்புகள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். இரைச்சலைக் குறைக்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்ரே லேசரில் 2012இல் மெல்லிய வைரப் படிகத்தால் எக்ஸ்ரேயை வடிகட்டி, அதையே விதையாக்கி மறுபடி பெருக்கினார்கள். நிறமாலை (ஒளியில் கலந்துள்ள அலைநீளங்களின் வீச்சு) குறுகியது, கோஹெரன்ஸ் நேரம் நீண்டது.