முடவன் முழுக்கு அன்னைக்கு அம்மாவைத் துலாக்கட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

காவேரிமகள்:
அம்மாவுக்கு 74 வயசு. ரெண்டு முழங்காலும் தேய்மானம். ஐப்பசியில் மாயவரம் போய், துலாக்கட்டத்துக் காவேரிப் படித்துறையில் ஒரு முழுக்குப் போடணும்னு அப்பா இருந்தப்பவே ஆசை. இந்த வருஷமும் மாசம் ஓடிப்போச்சு. ஐப்பசி கடைசி நாள், கடைமுகத்துக் கூட்டத்தில் அவங்களை இறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கார்த்திகை 1 முடவன் முழுக்குக்கும் அதே பலன்தானா, இல்ல விட்டுப்போனவங்களுக்கு ஒரு ஆறுதலா?

படித்துறைப்பேரன்:
அக்கா, தைரியமா கூட்டிட்டு வாங்க. நான் வளர்ந்ததே துலாக்கட்டத்துக்கு ரெண்டு தெரு தள்ளி, பாட்டி வீட்டில். ஐப்பசி பூரா விடியறதுக்கு முன்னாடியே என்னை எழுப்பிடுவா. கங்கையே தன் மேல சேர்ந்த பாவத்தைக் கரைக்க இங்க வர்ற மாசம், நீ தூங்குறியேன்னு திட்டு விழும்.

அந்தப் பாட்டி கடைமுகத்தை விட்டாலும் விடுவா, முடவன் முழுக்கை விடமாட்டா. கால் விளங்காத ஒருத்தர் ஐப்பசிக்குள்ள வந்துடணும்னு கிளம்பி, வந்து சேர்றப்போ மாசம் முடிஞ்சுபோச்சு. அழுது வேண்டினவருக்கு, 'இப்போ முழுகு, உனக்கும் அதே பலன்'னு சிவன் அருளினார். அவருக்காகவே உண்டான நாள் அக்கா. முழங்கால் முடியாத உங்க அம்மாவுக்கு இதைவிட எந்த நாள் பொருந்தும்?

தண்ணிக்குள்ள இறங்கியே ஆகணும்னு இல்லை. படி பாசி பிடிச்சு வழுக்கும். மேல்படியில் உட்கார வெச்சு, சொம்பில் மொண்டு தலையில் ஊத்துங்க. பாட்டிக்குக் கடைசி மூணு வருஷம் நான்தான் ஊத்தினேன். ஆத்து நடுவுல இருக்கிற நந்தியைப் பார்த்துக் கும்பிடச் சொல்லுங்க.

வடகரைவாசி:
கடைமுகத்தன்னைக்கு மாயூரநாதர், வதான்யேஸ்வரர், ஐயாறப்பர், காசி விஸ்வநாதர்னு சுவாமிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவாங்க. அந்த நெரிசலில் நிக்கவே முடியாது. மறுநாள்னா மூச்சு விடலாம்.

படித்துறைப்பேரன்:
குளிச்ச கையோட மாயூரநாதர் கோயிலுக்குப் போங்க. அபயாம்பிகை சன்னிதிக்குப் பக்கத்தில் அநவித்யாம்பிகைங்கிற பக்தை ஐக்கியமான லிங்கம் இருக்கு. லிங்கத்துக்குப் புடவை சாத்தியிருப்பாங்க. அவளும் புருஷனோட துலா ஸ்நானத்துக்கு, அதான் இந்த ஐப்பசி முழுக்குக்கு, வந்தவள்தான்.

காவேரிமகள்:
அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன் தம்பி. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், 'அந்த லிங்கத்துக்கு ஒரு புடவை எடுத்துட்டுப் போலாமா, கேளு'ன்னாங்க.

படித்துறைப்பேரன்:
எடுத்துட்டு வாங்க அக்கா. முதல்லயே குருக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.