புதுப்பிப்பு: மின்பிறப்பாக்கியின் மின்சாரத்தை யூபிஎஸ் ஏற்க மறுத்த சிக்கல் தீர்ந்தது

வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டில் மின்வெட்டின்போது சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கியை இயக்கினால், விளக்குகளும் மின்விசிறிகளும் ஒழுங்காக இயங்க, கணினிக்கான யூபிஎஸ் (மின்சாரம் தடைப்பட்டால் பற்றரியிலிருந்து மின் வழங்கும் கருவி) மட்டும் அம்மின்சாரத்தை ஏற்காமல் தன் பற்றரியிலேயே ஓடித் தீர்கிறது என்று முன்னர் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மின்னழுத்தத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணை (மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை) அளந்து பாருங்கள் என்ற ஆலோசனையே பலித்தது. அழுத்தம் 230 வோல்ற்றுக்கு அருகில்தான் இருந்தது. ஆனால் சுமை குறைவாக இருக்கையில் அதிர்வெண் 54 ஹேர்ட்ஸ் காட்டியது; வழமையான 50 ஹேர்ட்ஸிலிருந்து இவ்வளவு விலகியதைத்தான் யூபிஎஸ் ஏற்கவில்லை. இரு காந்த முனைவுகள் கொண்ட இவ்வகை இயந்திரம் 50 ஹேர்ட்ஸ் தருவதற்கு நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழல வேண்டும் என்பதால், மின்னியலாளர் வேகக் கட்டுப்படுத்தியின் திருகைச் சற்றுத் திருப்பி, சுமையில்லாத நிலையில் 52 ஹேர்ட்ஸ் வரும்படி அமைத்தார். சுமை ஏறியதும் அது தானாகவே 50க்கு அருகில் இறங்குகிறது. யூபிஎஸ் உடனே ஏற்றுக்கொண்டது. தடித்த நீட்டிப்புக் கம்பி வாங்குமாறு சொன்ன யோசனையால், இந்தச் சிக்கலைப் பொறுத்தவரை, பயன் எதுவும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கி தொடங்கும் கணத்தில் அழுத்தம் சரிந்து, யூபிஎஸ் மீண்டும் பற்றரிக்குத் தாவுகிறது. சில விநாடிகளில் திரும்பிவிடுவதால் அதை அப்படியே விட்டிருக்கிறேன். யூபிஎஸ்ஸின் உணர்திறனைக் குறைத்தால் இதுவும் நிற்கக்கூடும், எனினும் கணினிக்குக் காவலாக வாங்கியதை மழுங்கடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.