மேரு நடுச் சிகரம் 6310 மீட்டர்தானே, சுறாத்துடுப்பு ஏற ஏன் 2011 வரை ஆனது?

கோவைநடையன்:
போன செப்டம்பரில் கங்கோத்ரியிலிருந்து கோமுக் வழியாகத் தபோவனம் போயிருந்தோம். காலையில் கூடாரத்தை விட்டுத் தலையை நீட்டினால் ஒரு பக்கம் சிவலிங்கம், இன்னொரு பக்கம் மேரு. மேருவின் நடுச் சிகரத்தில் செங்குத்தாக ஒரு பாறை புடைத்து நிற்கிறது. "அதுதான் ஷார்க்ஸ் ஃபின் (சுறாத்துடுப்பு), வந்தவங்க எல்லாம் திரும்பித்தான் போனாங்க" என்றார் கூட வந்த வழிகாட்டி.

எவரெஸ்ட் 8849 மீட்டர். அதிலேயே வருடா வருடம் நூற்றுக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். இதில் அப்படி என்ன கஷ்டம்? அப்புறம், ஒரு இடத்தில் 2001-இல் ரஷ்யர் ஏறியதாகவும் இன்னொரு இடத்தில் 2011-இல் அமெரிக்கர்கள் ஏறியதாகவும் போட்டிருக்கிறது. எது சரி?

பாறைப்பல்லி:
இரண்டும் சரி. 2001-இல் வலேரி பாபனோவ் நடுச் சிகரத்தைத் தொட்டார், ஆனால் துடுப்பு வழியாக இல்லை, வேறு பாதையில். துடுப்பு வழியாக ஏறியது 2011-இல்தான். பழனியில் இழுவை ரயிலில் போனாலும் உச்சி உச்சிதான். அதற்காகப் படியேறினேன் என்று சொல்ல முடியாதில்லையா? (பாபனோவ் ஒன்றும் ரயிலில் போகவில்லை. தனி ஆளாக ஏறினார், அதுவே பெரிய வித்தை.)

கஷ்டம் உயரத்தில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. செங்குத்துப் பாறை கீழேயே இருந்தால், அதற்கான கனமான சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு மேலே இருக்கும் பனியில் லேசாக ஏறிவிடலாம். மேருவில் தலைகீழ். ஆயிரம் மீட்டருக்கு மேல் பனியும் பாறையும் கலந்த சரிவு. அதைத் தாண்டிய பிறகுதான் அந்த மொட்டைக் கிரானைட் சுவர். அதனால் கயிறு, ஆணி, தொங்கு கட்டில், அடுப்பு என்று கிட்டத்தட்ட 90 கிலோவையும் கீழிருந்தே மூட்டை கட்டி இழுக்க வேண்டும். எவரெஸ்டில் இருப்பது போலக் கயிறு கட்டி வைக்கவும் சுமை தூக்கவும் ஷெர்பாக்கள் இந்தச் சுவரில் கிடையாது.

2008-இல் அமெரிக்க மலையேறிகள் கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனான் ஓஸ்டர்க் மூவரும் ஏழு நாள் சாப்பாட்டோடு கிளம்பினார்கள். வழியில் புயல். தொங்கு கட்டிலிலேயே நாள்கணக்கில் முடங்கிக் கிடந்து, அந்தச் சாப்பாட்டையே இழுத்துப் பிடித்து இருபது நாள் வரை ஓட்டினார்கள். கடைசியில் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே திரும்பிவிட்டார்கள். மேலே போனால் அந்தக் குளிரில் ராத்திரி முழுக்க வெட்டவெளியில் கிடக்க வேண்டியிருக்கும்.

நான் உத்தரகாசியில் 28 நாள் அடிப்படை மலையேற்றப் பயிற்சி எடுத்தவன். அங்கே ஒரு தடவை இரண்டு ராத்திரி விடாமல் பனி கொட்டியது. ஒரு பாத்திரம் நிறையப் பனியை அள்ளிப் போட்டு உருக்கினால் அடியில் ரெண்டு டம்ளர் தண்ணீர்தான் நிற்கும். அதில் விழுந்த கையுறை நூலை எடுக்கக்கூடச் சோம்பல்பட்டு அப்படியே குடித்தோம். அதுவும் தரையில், கூடாரத்துக்குள். அவர்கள் அதையே சுவரில் தொங்கிக்கொண்டு செய்தார்கள்.

சுக்குக்காப்பி:
2011-இல் அதே மூவர்தானே போய் முடித்தார்கள்? ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்புதான் ஓஸ்டர்க்குக்குப் பனிச்சறுக்கில் மண்டையோடு உடைந்து, கழுத்து ரத்தக்குழாயும் அடிபட்டது. அவரைக் கூட்டிப் போனது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜெயித்ததால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாறைப்பல்லி:
நானாக இருந்தால் கூட்டிப் போயிருக்க மாட்டேன். ஆனால் 2008-இல் அவரோடு அத்தனை நாள் தொங்கியவர்கள் ஆங்கரும் சின்னும். புது ஆளைவிட அவரையே அவர்கள் நம்பியது எனக்குப் புரிகிறது. ஆங்கருக்கு இது பழைய கணக்கும்கூட. அவருடைய குரு மக்ஸ் ஸ்டம்ப் எண்பதுகளில் இதே சுவரை முயன்று திரும்பியவர். 1992-இல் அலாஸ்காவின் டெனாலி மலையில் பனிப்பிளவில் விழுந்து இறந்துபோனார். 2003-இல் ஆங்கரும் ஒரு தடவை இங்கே தோற்றார்.

கோவைநடையன்:
நன்றி அண்ணா. இப்போது என் போட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கீழே இருக்கிற வெள்ளைச் சரிவுதான் மலை என்று நினைத்து அதையே பெரிதாக்கி எடுத்திருக்கிறேன். துடுப்பில் பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது.