மார்கழிப் பனியில் மக்கு உரச் சாறு ஊற்றலாமா? அவரை இலை மஞ்சளாகிறது

மன்னார்குடி பக்கம்:
வணக்கம். வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தலும் பத்துத் தக்காளிச் செடியும் இருக்கின்றன. களிமண். மழை விட்டு இரண்டு வாரம் ஆகிறது. செடிக்குத் தெம்பு வரட்டும் என்று 20 லிட்டர் வாளியில் 2 கிலோ மக்கு உரமும் அரைக் கிலோ நாட்டுச் சர்க்கரையும் கரைத்து மூடி வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் அழுகிய முட்டை வாடை. கொட்ட மனசு வரவில்லை. பாதியை வேரில் ஊற்றி, மீதியை வடிகட்டி அந்தியில் இலைமேல் தெளித்தேன். இப்போது அவரையில் அடி இலைகள் மஞ்சள், தக்காளி இலையில் பழுப்புப் புள்ளி. குளிர்தான் காரணமா?

திருவையாறு:
குளிர் இல்லை அக்கா. நம்ம பக்கம் மார்கழி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், நுண்ணுயிர் அதில் நன்றாகவே வாழும். மூடி வைத்ததும் சர்க்கரையும்தான் கெடுத்தன. சாணம், கோமியம், வெல்லம் கரைத்துப் புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்துக்கே 200 லிட்டருக்கு 2 கிலோ வெல்லம்தான். நீங்கள் அதைவிட இரண்டரை மடங்கு போட்டிருக்கிறீர்கள். உயிர்கள் பெருகிக் காற்றைத் தின்று தீர்த்ததும் அழுகல் தொடங்கிவிடும். அடுத்த முறை சர்க்கரை ஒரு கைப்பிடி போதும். மீன் தொட்டி மோட்டாரால் ஒரு நாள் முழுக்கக் காற்று விடுங்கள். மோட்டாரை நிறுத்தியதும் அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதல் நாளே பிடித்துத் திறந்து வையுங்கள்.

அந்தியில் தெளிக்கவே வேண்டாம். ஏற்கெனவே பனி விடியும்வரை இலையை நனைக்கிறது, அந்த ஈரத்தில்தான் பூஞ்சை முளைக்கும். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிமேல் இந்தச் சாறு படக்கூடாது.

பாபநாசம்:
மஞ்சளுக்கு வேறு காரணம் இருக்கலாம். பந்தலடியில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். மண் நீலச்சாம்பலாக, சேற்று வாடையோடு இருந்தால் வேர் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அதில் எந்தச் சாறு ஊற்றினாலும் மேலும் தண்ணீர்தான். முதலில் வடிகால் வெட்டுங்கள்.

மன்னார்குடி பக்கம்:
தோண்டினேன். நீங்கள் சொன்ன அதே நிறம்! கையில் பிடித்தால் ஜவ்வு மாதிரி ஒட்டியது. இன்றே பந்தலைச் சுற்றி வாய்க்கால் இழுத்துவிட்டேன்.

மன்னார்குடி பக்கம் (12 நாள் கழித்து):
மண் பொலபொலத்துவிட்டது. அவரையில் புதுக் கொழுந்து பச்சையாக வருகிறது, பழைய மஞ்சள் இலைகள் உதிர்ந்துவிட்டன. நேற்று மோட்டார் வைத்துச் சாறு போட்டேன். ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. ஊற்றலாமா?

திருவையாறு:
முகர்ந்து பாருங்கள் அக்கா. மழை விழுந்த மண் வாசனை வந்தால் ஒரு பங்கு சாறுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பனி காய்ந்தபின் வேரில் ஊற்றுங்கள். புளித்த வாடை லேசாக இருந்தாலும் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.

மன்னார்குடி பக்கம்:
மண் வாசனைதான்! வெயில் ஏறட்டும் என்று காத்திருக்கிறேன்.