வடிகட்டியைக் கழுவிய பின் வெளுத்துப்போன தொட்டி நீர்

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): வணக்கம். என் 60 லிட்டர் மீன்தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவிய மூன்றாம் நாளே தண்ணீர் பால்போல் வெளுத்துவிட்டது. மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து தவிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. என்ன செய்வது?

பதில் (பிரிக்பீல்ட்ஸ்): பஞ்சில் குடியிருந்த பாக்டீரியாக்களைக் குழாய் நீரின் குளோரின் கொன்றிருக்கும், மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவையே. கால் பங்கு நீரை இன்றே மாற்றுங்கள்; புதுநீரில் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்க்க மறவாதீர்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம்.

பதில் (பட்டர்வொர்த்): வெப்பமான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால், காற்றுக்குழாயையும் இயக்குங்கள். இனிமேல் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

கேட்டவர்: நன்றி ஐயா. சோதனையில் அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. நீரை மாற்றிவிட்டேன், நாளை மீண்டும் சோதிக்கிறேன்.